சிஸ்டர் லீவில் இருக்காங்க

ஒரு வேலையை விட்டு நல்ல பேரோடு வெளியே வருவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் வகுப்பே எடுப்பேன். அவ்வளவு சுத்தமாக வெளியே வந்தவள் நான். சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை, முடிக்காமல் விட்ட வேலை ஒன்றுகூட இல்லை. பதினோரு வருஷம் இருந்த டயாலிசிஸ் சென்டரில் கடைசி நாளன்று எனக்காகக் கேக் வெட்டினார்கள். மேனேஜர் தன் கையாலேயே ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. டயாலிசிஸ் டெக்னீஷியன். ஆனால் பேஷண்ட்டுகளுக்கு வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் எல்லோருமே சிஸ்டர்தான், திருத்தித் திருத்திப் பார்த்து நானும் விட்டுவிட்டேன். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் எங்களிடம் வருவார்கள். கையில் இரண்டு ஊசி குத்த வேண்டும். ஒன்று வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும், சுத்தமாகி இன்னொன்று வழியாகத் திரும்பி வரும். நாலு மணி நேரம். ஒரு தடவை தப்பினால் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கலாம். இரண்டு தடவை தப்பினால் உடம்பில் தண்ணீர் ஏறி மூச்சை அடைக்கும், இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம். மெஷின் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். மனுஷக் கை வேண்டியது அந்த ஊசிக்குத்தான்.

செவ்வாய், வியாழன், சனி, காலை முதல் ஷிப்ட், ஐந்தாம் கட்டில். அது டெய்லருடையது. ஐம்பத்தெட்டு வயசு, சட்டை மட்டும்தான் தைப்பார், வேறு எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் தொட மாட்டார். மகள்தான் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போவாள். படுத்தபடியே வருகிறவர் போகிறவரை எல்லாம் கண்ணால் அளப்பது அவர் வழக்கம். எங்கள் மேனேஜரைப் பார்த்த முதல் நாளே, "தோள் பதினெட்டரை, வயிறு நாப்பத்திநாலு, கழுத்து கிடையாது" என்று என் காதோரம் சொன்னார். அதற்குப் பிறகு மேனேஜர் வார்டுக்குள் வந்தாலே எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

அவருடைய இடது கையில் ஆபரேஷன் பண்ணி ரத்தக்குழாயைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். பெரிதானதே தவிர, அது ஆழத்தில் கிடந்தது, வளைந்து வேறு கிடந்தது. முதல் வருஷம் அவருக்கு ஒவ்வொரு தடவையும் மூன்று குத்து, நாலு குத்து. கண்ணில் தண்ணீர் வரும், வாயைத் திறக்க மாட்டார். அவரை என் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிறகு நான் வேறு வழி பண்ணினேன். ஒரே துளை, ஒரே சாய்வு, ஒரே கை. அப்படி விடாமல் சில வாரம் குத்திக்கொண்டே வந்தால் காது குத்திய துளை ஆறி நிற்பதுபோல உள்ளே ஒரு பாதை உண்டாகிவிடும். பிறகு கூர் இல்லாத ஊசியே வலிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். இதற்கு ஆங்கிலத்தில் பட்டன்ஹோல், அதாவது பட்டன் துளை என்றுதான் பேர். சொன்னதும் டெய்லருக்கு ஏக குஷி.

"காஜான்னு சொல்லுங்க சிஸ்டர். முப்பத்தஞ்சு வருஷமா நான் சட்டைக்கு எடுத்தேன், இப்ப நீங்க எனக்கு எடுத்திருக்கீங்க."

இதில் ஒரே ஒரு சிக்கல். கை மாறினால் பாதை தவறும். ஊசி பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு போய்விடும், ரத்தம் உள்ளேயே கசியும், கை வீங்கிக் கறுத்துவிடும். அதனால் ஆறு வருஷமாக அவர் கையில் என் கை தவிர வேறு கை பட்டதில்லை. அவர் வரும் நாட்களில் நான் லீவு போட மாட்டேன். காய்ச்சல் வந்தால்கூட மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து அவருக்கு மட்டும் குத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவரை எந்த அளவுக்கு என்னோடு கட்டிப்போட்டிருந்தேன் என்பது தெரிய வேண்டும்.

வேலையை விட்டதற்குக் காரணம் சாதாரணமானது. முதல் ஷிப்டுக்கு நான் நாலு மணிக்கு எழுந்து ஓட வேண்டும். கணவருக்கு வெளியூர் வேலை. பன்னிரண்டு வயசு மகள் தானே எழுந்து, தானே சாப்பிட்டு, தானே கதவைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு புது ஆஸ்பத்திரி வந்தது, எட்டு மணி ஷிப்ட். விண்ணப்பித்தேன், கிடைத்தது. ஆனால் பழைய இடத்துக்கு அவர்களே போன் பண்ணி விசாரித்த பிறகுதான் வேலையை உறுதி செய்வார்களாம், அதுவரை தற்காலிகம்தான்.

மேனேஜரிடம் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், மகள் எந்த வகுப்பு என்று விசாரித்தார். ஒரு மாதம் முறையாக வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு. நீங்க போறது பேஷண்ட்ஸுக்குத் தெரிய வேண்டாம். கேட்டா லீவுன்னு இருக்கட்டும். கொஞ்ச நாள் கழிச்சு நாங்களே பக்குவமா சொல்லிக்கிறோம்."

காரணமும் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டெக்னீஷியன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார், ஒரே மாதத்தில் ஒன்பது பேஷண்ட்டுகள் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். புது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் உங்களைப் பற்றி நல்லபடியாகவே சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். மிரட்டுகிற ஆள் இல்லை அவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னார், அவ்வளவுதான். நானும் நியாயம்தானே என்று தலையை ஆட்டினேன். சத்தியமாக அன்றைக்கு எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

என் இடத்துக்கு வரப்போகிறவர் மத்தியான ஷிப்ட் டெக்னீஷியன். அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பேர் வைத்திருந்தோம். பத்து நிமிஷத்தில் நாலு பேருக்கு ஊசி போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கெட்ட கை இல்லை, அவசரக் கை. அவருக்காக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன், முப்பத்தொரு பேஷண்ட்டுக்கும் ஆளுக்கு ஒரு பக்கம். டெய்லருக்கு மட்டும் நாலு பக்கம். எந்தச் சாய்வு, முழங்கையை எவ்வளவு மடக்குவது, எந்த இடத்தில் ஊசியை லேசாக உருட்டுவது என்று படம் வரைந்து எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, இது உதவாது. எக்ஸ்பிரஸ் என் பக்கத்தில் நின்று, என் கைமேல் கை வைத்து ஐந்தாறு தடவையாவது இறக்கிப் பழக வேண்டும். கை கற்றுக்கொள்ள வேண்டியதைக் கண்ணால் படித்து என்ன பிரயோஜனம்?

ஒரு நாள் கூப்பிட்டும் பார்த்தேன். எக்ஸ்பிரஸ் கையுறை போட்டுக்கொண்டு வந்து நின்றதும் டெய்லர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"இவரு எதுக்கு? நீங்க எங்கயாவது போறீங்களா?"

"சும்மா பாக்கிறாருண்ணே" என்றேன். எக்ஸ்பிரஸும் சும்மா பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைக் கூப்பிடவே இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டால் டெய்லருக்கு விஷயம் தெரிந்துவிடும், தெரிந்தால் வார்டு முழுக்கப் பரவும், மேனேஜர் காதுக்குப் போகும். இதையெல்லாம் யோசித்தேன். அவர் கையையும் யோசித்தேன். இரண்டையும் யோசித்துவிட்டு என் நல்ல பேரைத்தான் எடுத்துக்கொண்டேன். நோட்டு இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. டெய்லருக்கு ஊசி வழக்கம்போல வழுக்கிக்கொண்டு இறங்கியது. நாலு மணி நேரம் கழித்து எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்றார். நானும் பார்க்கலாம் என்றேன். வாய் கூசவில்லை. மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துபோனார். படி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த கட்டிலில் மெஷின் சத்தம் போட்டதும் திரும்பிவிட்டேன்.

கேக்கை ஸ்டோர் ரூமில் வெட்டினார்கள். ஊசிப் பெட்டிகளுக்கும் திரவக் கேன்களுக்கும் நடுவில் ஒன்பது பேர் நெருக்கியடித்து நின்றோம். வெளியே பேஷண்ட்டுகளுக்குக் கேட்கக் கூடாது என்று கதவைச் சாத்தி, கையைத் தட்டாமல் தட்டுவதுபோல ஆட்டினார்கள். காதும் காதும் வைத்தாற்போல ஒரு பிரிவுபசார விழா. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மேனேஜர் கொடுத்த சான்றிதழில் நடத்தை மிக நன்று என்று இருந்தது.

புது ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானமே எக்ஸ்பிரஸ் போன் பண்ணினார். டெய்லருக்குப் பாதை தவறிவிட்டது, கை வீங்கிவிட்டது. கூர் ஊசியை வேறு இடத்தில் குத்தி இரண்டு மணி நேரம் ஒப்பேற்றியிருக்கிறார். நோட்டில் எழுதியபடிதான் செய்தேன் என்று சத்தியம் பண்ணினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஐஸ் வைக்கச் சொன்னேன், சாய்வைப் பற்றி இன்னொரு தடவை விளக்கினேன். போனில் ஊசி குத்தச் சொல்லிக்கொடுக்கும் புத்திசாலி நானாகத்தான் இருப்பேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி போன். இந்தத் தடவை ஒரு நிமிஷம்கூட மெஷினில் போட முடியவில்லை. கை தோள்வரை கறுத்துவிட்டது. கழுத்தில் தற்காலிகமாக ஒரு குழாய் போட்டு டயாலிசிஸ் பண்ணலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டெய்லர் முடியவே முடியாது என்றிருக்கிறார். ஏன் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில்காரருக்கு அப்படிக் குழாய் போட்டுத்தான் காய்ச்சல் கண்டு இரண்டு வாரத்தில் போய்ச் சேர்ந்தார், இவர் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். டெய்லர் வெளியே போகும்போது ரிசப்ஷன் பெண்ணிடம் நான் எப்போது வருவேன் என்று கேட்டிருக்கிறார். அவள் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "சிஸ்டர் லீவுல இருக்காங்க, அடுத்த செவ்வாய் வந்துடுவாங்க" என்று அடித்துவிட்டிருக்கிறாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை வரை தண்ணீரைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கிறேன், சிஸ்டர் வந்து குத்தட்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

எக்ஸ்பிரஸ் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பிறகு, "நீங்க அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்றார்.

நான் சொன்னது மேனேஜரிடம். முறைப்படி நடக்கிறவள் அல்லவா. வெள்ளிக்கிழமை காலை போன் பண்ணி, டெய்லருக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள், உயிர் விஷயம் என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் புது இடத்தில் கவனமாக இருங்கள் என்றார். உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் போன் வரவில்லை, வந்ததும் பேசுகிறேன் என்றும் சொன்னார். சரி சார், தேங்க்ஸ் சார் என்றேன். சனிக்கிழமை டெய்லர் சென்டருக்கே வரவில்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

கரண்ட் போய் ஷிப்ட் நேரம் மாறினால் தகவல் சொல்வதற்காக எல்லோருடைய நம்பரும் என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு டெய்லரைக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதியே வைத்திருந்தேன். நான் வேலையை விட்டுவிட்டேன், திரும்பி வரமாட்டேன், இன்றைக்கே போய்க் கழுத்தில் குழாய் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றே வரி.

"சொல்லுங்க சிஸ்டர்" என்றார் குரலில் சந்தோஷத்தோடு. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. "லீவெல்லாம்... நல்லா போகுதா? பாப்பா எப்படி இருக்கு?"

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பிறகு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கழுத்தில் குழாய் போட்டால் ஒன்றும் ஆகாது என்றேன். மூன்றாம் வரியை முதலில் சொல்லிவிட்டேன். முதல் வரி வாயிலிருந்து வரவில்லை.

"கழுத்துல வேணாம் சிஸ்டர். தண்ணி குடிக்கிறதையே... விட்டுட்டேன். உதட்டை மட்டும் நனைச்சுக்கிறேன். நீங்க செவ்வாய்க்கிழமை வந்துடுவீங்கல்ல?"

அந்தக் கேள்விக்கு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மனுஷர் பயந்திருப்பார், என்னைத் திட்டியிருப்பார், அழக்கூடச் செய்திருப்பார், ஆனால் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். என் வேலை இன்னும் உறுதியாகவில்லை. அதைவிட, ஆறு வருஷம் பழகியவரிடம் சொல்லாமல் ஓடிவந்தவள் என்று நானே சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது.

"வர்றேண்ணே" என்றேன்.

"அது போதும் சிஸ்டர். எனக்கு... பாதி தெம்பு வந்துருச்சு."

போனை வைத்ததும் அதைப் பொய்யாக விடக்கூடாது என்று வைராக்கியம் வந்தது. எக்ஸ்பிரஸைக் கூப்பிட்டுப் பேசினேன். செவ்வாய்க்கிழமை விடிய ஐந்தரை மணிக்கு நான் வருகிறேன், பின்வாசல் கதவைத் திறந்துவிடுங்கள், கறுக்காத இடமாகப் பார்த்து நானே குத்திவிட்டு எட்டு மணிக்குள் என் ஷிப்டுக்கு ஓடிவிடுகிறேன். மாட்டினால் இரண்டு பேருக்கும் வேலை போகும். எக்ஸ்பிரஸ் ஒரு கேள்விகூடக் கேட்காமல் சரி என்றார். நான் பெரிய தியாகம் பண்ணப் போகிறவள்போல அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் புது ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். பழைய மேனேஜர் என்னைப் பற்றி ரொம்ப உயர்வாகப் பேசினாராம். இவ்வளவு நாகரிகமாக வேலையை விட்டுப் போன ஆளைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றாராம். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், வேலை உறுதியாகிவிட்டது. இனி யாருக்கும் பயப்பட வேண்டாம், டெய்லரிடம் உண்மையைச் சொல்லலாம். போனைக் கையில் எடுத்தேன். நாளைக்குத்தான் நேரில் பார்க்கப் போகிறோமே, முகத்தைப் பார்த்துச் சொல்லி மன்னிப்பும் கேட்டுக்கொள்ளலாம் என்று மறுபடி பையில் போட்டுவிட்டேன். சாயங்காலம் மகளோடு கடைக்குப் போய் அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை ஐந்து இருபதுக்கே பழைய சென்டரின் பின்வாசலில் நின்றேன். எக்ஸ்பிரஸ் கதவை லேசாகத் திறந்துவைத்துவிட்டு, ஐந்தாம் கட்டிலில் எல்லாம் தயார் என்றார். எப்போதும் முதல் ஆளாக வருகிறவர் டெய்லர்தான். ஐந்தரை ஆனது. ஐந்தே முக்கால் ஆனது. முன்வாசலில் மற்ற பேஷண்ட்டுகளின் இருமலும் பேச்சும் கேட்க ஆரம்பித்தன. ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் நம்பரைப் போட்டேன். எடுத்தது மகள். குரல் கட்டிப்போயிருந்தது. பின்னால் நிறையப் பேர் இருக்கும் சத்தம்.

அப்பா போய்விட்டார் என்றாள். ராத்திரி மூச்சுத் திணற ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினார்களாம். விடிந்தால் செவ்வாய்க்கிழமை, சிஸ்டர் தன் வாயாலேயே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், விடியட்டும் என்றாராம். உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறார். விடியவில்லை.

அவள் அழுகையை நிறுத்திக்கொண்டு, என்னை ஏதோ ஆறுதல் படுத்துகிறவள்போல, லீவு முடிந்து இன்றைக்குத்தான் வந்தீர்களா என்று கேட்டாள். எக்ஸ்பிரஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் லீவுல இல்லம்மா. வேலையை விட்டுட்டேன். பத்து நாளாச்சு."

அங்கே யாரோ ஒருவர் நாற்காலிகளை எங்கே போடுவது என்று கேட்டார்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லியிருந்தா போயிருப்பாரே சிஸ்டர். கழுத்துல போட்டுக்கிட்டிருப்பாரே. நீங்க வருவீங்கன்னுதானே வேணாம்னாரு."

இனிச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இருந்தும் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"வந்திருக்கேம்மா. இங்க வாசல்லதான் நிக்கிறேன்."

அவள் கத்தவில்லை, திட்டவில்லை. அப்பாவைப் போலவே மெதுவாகத்தான் பேசினாள்.

"இனிமே எதுக்கு நிக்கிறீங்க. போங்க சிஸ்டர்."

எட்டு மணி ஷிப்டுக்குப் போனேன்.